‘ரெகமண்டட்’ என்ற ஒரு வார்த்தை

(நமது சங்கத்தின் சித்தூர், திருப்பதி கிளைகள் சேர்ந்து திருப்பதியில் நடத்திய மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர்க் கிளை அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ராணுவ அகாடமியில் நம் குழந்தைகள்’. வீரம், தேசபக்தி என்று இதை ஒரு மணி நேரம் பேசலாம். அதற்கு என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஜூனியர் காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். சாயங்கால வேளைகளில் நேஷனல் டிபென்ஸ் அகாடமி பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆத்துத் திண்ணையில் கணக்குப் பார்த்துக் கொடுத்ததில், அந்தப் பாதையின் மேடு பள்ளம் எனக்குத் தெரியும். ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பையனைப் பார்த்து ‘நீ எங்களுக்கு வேண்டியவன்’ என்று அகாடமி எந்தக் கட்டத்தில் சொல்கிறது? எதை வைத்துச் சொல்கிறது? அந்த வார்த்தையை நம்பி நாம் எவ்வளவு தூரம் போகலாம்?

இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், சித்தூரில் எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம். பெயர் வேண்டாம். அப்பா கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். பிள்ளை ஏப்ரலில் பரீட்சை எழுதினான், பாஸ் செய்தான். ஆகஸ்டில் பெங்களூர் செலக்ஷன் சென்டருக்குக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் வரிசையாக நிற்க வைத்து எண்களை வாசித்தார்கள். இவன் எண்ணும் வந்தது. “அப்பா, ரெகமண்டட்!” என்று போன் செய்தான். அப்பா மறுநாளே போய், கவுன்சிலிங்கில் கிடைத்திருந்த இஞ்சினியரிங் சீட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வந்துவிட்டார். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினார். பிரசாத வடை எங்கள் ஆத்துக்கு வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். மெடிக்கலும் நல்லபடியாக முடிந்தது. தீபாவளி கழிந்து இறுதிப் பட்டியல் வெளிவந்தது. அதில் அவன் பெயர் இல்லை. வயதும் அத்தோடு தாண்டிவிட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்று அந்த மனுஷர் இரண்டு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு பி.எஸ்ஸி. சேர்ந்தான். இன்றைக்கு ஹோசூரில் நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனாலும் அந்த ஒரு வருஷம் அந்தக் குடும்பத்தைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல.

யார் அவரை ஏமாற்றினார்கள்? யாரும் இல்லை. ‘ரெகமண்டட்’ என்று எழுதியிருந்ததை அவர் ‘அட்மிட்டட்’ என்று வாசித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி முறையைச் சொல்கிறேன். அகாடமி புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. 1949-ல் நேருஜி அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் திறப்பு விழா. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒன்றாக மூன்று வருஷப் படிப்பு. பரீட்சையை யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது: ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. திருப்பதியிலேயே சென்டர் உண்டு, சித்தூர்க்காரர்களுக்கு வேலூரும் பக்கம். பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. (சிரிக்காதீர்கள், விதியில் அப்படித்தான் இருக்கிறது.) பிளஸ் டூ, அதாவது நம் ஊர் இன்டர் இரண்டாம் வருஷம், படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

கணக்குக்கு 300 மார்க், பொது அறிவும் இங்கிலீஷும் சேர்ந்து 600. ஆக எழுத்துப் பரீட்சை 900. தப்பாக எழுதினால் அந்தக் கேள்விக்குரிய மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகும். கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்தான். அடுத்தது எஸ்.எஸ்.பி. என்று சொல்லும் ஐந்து நாள் தேர்வு. அதற்கும் 900. மொத்தம் 1800.

இந்த சம விகிதத்தை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நாம் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இங்கே பாதி மார்க் புத்தகத்தில் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஆத்தில் 98 மார்க் வாங்கினால், மீதி இரண்டு எங்கே போயிற்று என்று கேட்போம். இந்தப் பரீட்சையில் சமீப வருஷங்களில் இறுதியாகத் தேர்வான கடைசிப் பையனின் மார்க், 1800-க்கு 650-லிருந்து 720-க்குள்தான் இருந்து வருகிறது. நாற்பது சதவிகிதம்! ஏதோ சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.எஸ்.பி.யில் மார்க்கை அள்ளிக் கொடுப்பதில்லை.

அந்த ஐந்து நாளில் என்ன பார்க்கிறார்கள்? இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நமக்குப் பழக்கமான ஒரு விஷயம் இதில் இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியாகப் பையனைப் பார்க்கிறார்கள். மனோதத்துவ நிபுணர் ஒருவர், அவர் பையனை நேரில் பார்ப்பதே இல்லை. எழுதியதை மட்டும் படிக்கிறார். இன்டர்வியூ அதிகாரி ஒருவர், அவர் பேசிப் பார்க்கிறார். மைதானத்தில் குழு வேலைகளைக் கொடுத்துப் பார்க்கும் அதிகாரி ஒருவர். கடைசி நாள் மாநாடு வரை இவர்கள் ஒருவர் அபிப்பிராயத்தை இன்னொருவரிடம் சொல்லிக்கொள்வதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயர் என்ன தெரியுமா? மனஸா, வாசா, கர்மணா. நினைப்பதும் பேசுவதும் செய்வதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. தினமும் சந்தியாவந்தனத்தில் மனசாலும் வாக்காலும் செய்த பாபங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற நமக்கு இந்த வரிசை புதிதல்ல.

இது ஆகாசத்திலிருந்து வந்ததல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் நல்ல பள்ளிக்கூடம், நல்ல குடும்பம் என்று பார்த்துச் சில நிமிஷ இன்டர்வியூவில் அதிகாரிகளை எடுத்தார்கள். அது சரிப்படவில்லை. 1942-ல் மனோதத்துவக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பல நாள் கூடவே வைத்திருந்து பார்க்கும் முறையை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே, 1943-ல், டேராடூனில் அந்த மாதிரி ஒரு சோதனை வாரியம் அமைந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய எஸ்.எஸ்.பி. யாருடைய பிள்ளை என்று பார்த்தது போய், என்ன பிள்ளை என்று பார்ப்பது வந்தது.

முதல் நாளே ஒரு வடிகட்டல். புத்தி கூர்மைக்கு ஒரு தேர்வு, பிறகு ஒரு மங்கலான படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசச் சொல்வார்கள். பாதிக்கு மேல் அன்று மத்தியானமே மூட்டை கட்ட வேண்டியதுதான். மீதிப் பேருக்கு மறுநாள் மனோதத்துவத் தேர்வு: பன்னிரண்டு படங்களுக்குக் கதை, அதில் ஒன்று வெறும் வெள்ளைத் தாள். அறுபது வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடியில் மனதில் தோன்றும் வாக்கியம். அரை மணியில் அறுபது சந்தர்ப்பங்கள், அந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று. யோசித்து வேஷம் போட நேரம் கிடையாது. அதற்குத்தான் அந்த வேகம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி நிலையத்தில் பையன்களுக்கு இந்தக் கதைகளை மனப்பாடம் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கணக்குக்கு வந்த இரண்டு பேர் அங்கேயும் போனவர்கள். படம் எதுவானாலும் கதாநாயகன் வெள்ளத்தில் மாட்டிய குழந்தையைக் காப்பாற்றி கலெக்டரிடம் பரிசு வாங்குகிறான்! ஆயிரக்கணக்கில் கதை படித்த நிபுணருக்கு இது தெரியாதா? இருவரும் ஒரே பாட்ச்சில் திரும்பி வந்தார்கள். இந்தப் பயிற்சிக்குக் கொட்டும் பணத்தில், பையனை ஒரு கோடை விடுமுறை பூராவும் ஏதாவது ஒரு ஊர்க் காரியத்தைப் பொறுப்பேற்று நடத்தச் சொல்லலாம். ராமநவமி உற்சவத்தில் பானகம் நீர்மோர் விநியோகத்தை நாலு பையன்களை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் தகராறில்லாமல் நடத்தியவனுக்கு, மைதானத்தில் கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து ‘கோட்டைத் தாண்டாமல் அந்தப் பக்கம் போ’ என்றால் கை நடுங்காது.

மைதானத்தில் பார்ப்பது உடல் பலத்தை மட்டும் அல்ல. குழுவில் யாரையும் தலைவனாக நியமிப்பதில்லை. யார் தானாக முன்வருகிறான், பிறர் சொன்ன நல்ல யோசனையை ஏற்கிறானா, பின்தங்கினவனுக்குக் கை கொடுக்கிறானா என்று பார்க்கிறார்கள். குழுவில் இத்தனை பேர்தான் தேற வேண்டும் என்ற கணக்கும் இல்லை. எல்லோரும் தேறலாம், ஒருவரும் தேறாமலும் போகலாம். பக்கத்திலிருப்பவனை மிதித்து ஏறுவதால் ஒரு லாபமும் இல்லை. கோச்சிங் ஹாஸ்டல்களில் ரேங்க் பலகையைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டித்தான் ‘ரெகமண்டட்’. வாரியத்தின் கண்ணில் ‘இவன் அதிகாரியாகத் தகுந்தவன்’ என்று அர்த்தம். அது சின்ன விஷயமல்ல. ஆனால் அதற்குப் பிறகு மூன்று நிபந்தனைகள் பாக்கி. ஒன்று, ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியப் பரிசோதனை. அதில் தவறினால் மேல்முறையீடு உண்டு. அதற்கு மேலும் ஒரு மறுபரிசீலனை உண்டு. இரண்டு, பிளஸ் டூ பாஸ் செய்த அத்தாட்சியும் வயது அத்தாட்சியும் குறித்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இறுதிப் பட்டியலிலேயே கூட ‘இது தற்காலிகமானது’ என்று யு.பி.எஸ்.சி. போடுகிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இருப்பவை.

மூன்றாவதுதான் ஆபத்து. எழுத்துப் பரீட்சை மார்க்கையும் எஸ்.எஸ்.பி. மார்க்கையும் கூட்டி, தேசம் முழுவதற்கும் ஒரே வரிசை போடுகிறார்கள். ஒரு தடவைக்கு இடம் சுமார் 400. பட்டியலில் 600-க்கு மேல் பெயர் வருகிறது. அதற்கும் வெளியே நிற்கும் ரெகமண்டட் பிள்ளைகள் வேறு. மேலே இருப்பவர்கள் வராமல் போனால் கீழே இருப்பவர்களுக்கு இடம் நகரும். இதில் பெங்களூர் வாரியம் நினைத்தாலும் வாக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் போபாலிலும் பிரயாக்ராஜிலும் எத்தனை பேர் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது. எங்கள் தெருப் பிள்ளை எழுத்துப் பரீட்சையில் விளிம்பில் தேறியவன். அங்கே நாற்பது மார்க் கூட இருந்திருந்தால் கதையே வேறு. அதனால்தான் நான் பையன்களிடம், ‘கட்-ஆஃப் தாண்டினால் போதும் என்று கணக்குப் போடாதே’ என்று தொண்டை வறளச் சொல்வது வழக்கம்.

இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம். இங்கே பல பேர் ஆத்தில் பேரன் பேத்திகள் அங்கே பிறந்து அந்நாட்டுப் பிரஜைகளாக வளர்கிறார்கள். என் தங்கை பேரன் விர்ஜீனியாவில் இருக்கிறான். பன்னிரண்டாவது படிக்க ஆரம்பித்த சில வாரங்களிலேயே அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. தங்கை எனக்குப் போன் செய்து, “இதை நம்பலாமாண்ணா?” என்று கேட்டாள். அந்தக் கடிதத்துக்கு ‘லெட்டர் ஆஃப் அஷ்யூரன்ஸ்’ என்று பெயர். வெஸ்ட் பாயிண்டும், விமானப்படை அகாடமியும்கூட இதைக் கொடுக்கின்றன. படிப்பு, தலைமைக் குணம், உடல் திறன் மூன்றையும் சேர்த்து எடைபோட்டு, விண்ணப்பங்களில் மிகச் சிறந்ததாகத் தோன்றுவனவற்றுக்கு, அல்லது தங்களுக்கு விசேஷமாகத் தேவைப்படும் பிள்ளைகளுக்கு (நல்ல விளையாட்டு வீரர்களும் இதில் சேர்த்தி), மற்ற எல்லோருக்கும் முடிவு சொல்வதற்குப் பல மாதம் முன்னாலேயே இதை அனுப்புகிறார்கள். ‘உனக்கு இடம் உண்டு, பாக்கி நிபந்தனைகளை முடித்துக்கொண்டு வா’ என்பதுதான் அதன் சாரம்.

பாக்கி நிபந்தனைகள் என்ன? வைத்தியப் பரிசோதனை, உடல் திறன் தேர்வு, படிப்பில் சறுக்காமல் இருப்பது. இவை தவிர ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு: நாமினேஷன். அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு செனட்டரோ காங்கிரஸ் பிரதிநிதியோ, அல்லது சட்டத்தில் சொன்ன வேறொரு வழியிலோ, பெயரை முன்மொழிய வேண்டும். ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒரு அகாடமியில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். எம்.பி. சிபாரிசு என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். அங்கே அது பகிரங்கமான விண்ணப்பமும் இன்டர்வியூவும் கொண்ட ஏற்பாடு.

ஏன் அவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள், நம் யு.பி.எஸ்.சி. சொல்வதில்லை? என் அபிப்பிராயம் இது. அங்கே அந்தப் பிள்ளையை மற்றப் பெரிய சர்வகலாசாலைகளும் கூப்பிடுகின்றன; தாமதித்தால் கைநழுவிவிடுவான். இங்கே சில நூறு இடங்களுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம். யாரையும் முன்கூட்டிப் பிடித்துவைக்க அவசியமில்லை. தவிர, எல்லோரையும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் நியாயம் என்பது நம் நாட்டுப் பரீட்சை முறையின் ஆதாரமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிராஜுலு செட்டியார் மகனும் ஜில்லா ஜட்ஜ் மகனும் ஒரே வரிசை என்பது லேசான விஷயமா?

மாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அமெரிக்கக் கடிதம் நிச்சயதாம்பூலம் மாதிரி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை, ஆனால் பெண் வீட்டார் வேறு வரன் பார்க்கமாட்டார்கள். நம் ஊர் ‘ரெகமண்டட்’ ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்பது மாதிரி. நல்ல சேதிதான், அதற்காக மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார்களா?

ஆகவே காலக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிக்கிற ஏப்ரலில் எழுதினால், எஸ்.எஸ்.பி. ஜூலையிலிருந்து வருகிறது, அதே சமயம்தான் இங்கே இஞ்சினியரிங் கவுன்சிலிங். இறுதிப் பட்டியல் அதற்கப்புறம். கிடைத்த சீட்டில் சேர்ந்துவிடுங்கள். அகாடமியில் சேரச் சொல்லிக் கடிதம் கையில் வந்த பிறகு விட்டுவிடலாம். கட்டின பணத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். எனக்குத் தெரிந்து இன்னொரு பிள்ளை அப்படித்தான் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஜனவரியில் கடக்வாஸ்லா போனான். பிளஸ் டூ படிக்கும்போதே செப்டம்பர் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: பப்ளிக் பரீட்சைக்கு முன்னாலேயே எஸ்.எஸ்.பி. முடிந்துவிடக்கூடும். ஆனால் ரெகமண்டட் ஆன மயக்கத்தில் பப்ளிக் பரீட்சையைக் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு.

ஜே.இ.இ. எழுதுகிற பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. ராணுவத்தின் டெக்னிகல் என்ட்ரிக்குத் தனி எழுத்துப் பரீட்சை இல்லை, ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும், அதன் அடிப்படையில் எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுகிறார்கள். இன்டரில் பை.பி.சி. எடுத்த பிள்ளைகளும் என்.டி.ஏ. எழுதலாம், தரைப்படைக்கு எந்த குரூப்பானாலும் சரி. ஆனால் கணக்குத் தாள் எல்லோருக்கும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குப் பழைய சித்தூர் ஜில்லாவிலேயே கலிகிரியில் 2014 முதல் சைனிக் ஸ்கூல் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு. அங்கே படித்தால் என்.டி.ஏ.யில் தனி ஒதுக்கீடு என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது; பழக்கமும் தைரியமும் கிடைக்கும், வரிசை ஒன்றுதான்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு மாமி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டு, அந்த வருஷம் நவம்பர் பரீட்சையிலிருந்து பெண்களும் எழுதுகிறார்கள். முதல் தடவை 19 இடம். அந்த முதல் அணியிலிருந்து 17 பேர் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். இடம் குறைவு என்பதால் வரிசையில் போட்டி இன்னும் கடுமை. தாராளமாக எழுதச் சொல்லுங்கள்.

கிடைக்காமல் போனவர்களுக்குக் கதவு சாத்திவிடுவதும் இல்லை. வயது இருக்கிற வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எஸ்.எஸ்.பி. போகலாம். பட்டம் வாங்கிய பிறகு சி.டி.எஸ். பரீட்சை இருக்கிறது. ஜெனரல் எஸ். பத்மநாபன் டேராடூன் ராணுவக் கல்லூரி, என்.டி.ஏ. என்று சிறு வயது முதல் அந்த வழியிலேயே போய் 2000-ல் தலைமைத் தளபதியானார். 1987-ல் இலங்கையில் உயிர்த்தியாகம் செய்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பட்டம் வாங்கிய பின்பு சென்னைப் பயிற்சிப் பள்ளி வழியாகச் சேர்ந்தவர். 2014-ல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் சென்னையில் பயிற்சி பெற்றவரே.

சாப்பாடு பற்றி எப்போதும் ஒரு கேள்வி வரும். அகாடமி மெஸ்ஸில் சைவம் உண்டு. கண்ணாடி போட்டிருந்தால் கூடாதா என்பது அடுத்தது. ஒரு அளவு வரை தரைப்படைக்குத் தடையில்லை, விமானம் ஓட்ட விதிகள் கடுமை. நிறம் பிரித்தறியும் பார்வையைப் பரீட்சைக்கு முன்னாலேயே நல்ல கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விமானி ஆக வேண்டுமானால் தனியாக ஒரு கம்ப்யூட்டர் தேர்வு உண்டு, ஜன்மத்துக்கு ஒரே தடவைதான். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழைய கேள்வித்தாள்கள் சிலவற்றை எடுத்து வந்திருக்கிறேன். கணக்குத் தாளில் சந்தேகம் இருக்கிற பிள்ளைகள் டிபனுக்கு அப்புறம் அந்தக் கோடி ரூமுக்கு வாருங்கள், பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு.